நேராக நின்ற குமிழ்கள்

பியானோவுக்குப் புதுக் கால்பெடல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவள், செருப்பை வாசலில் உதறிவிட்டு நேரே பின்னறைக்கு ஓடினாள். பழைய பெடல் கால் பட்டபோதெல்லாம் கிறீச்சென்று கத்தி, அந்தக் கத்தலும் மைக்கில் ஏறிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அந்த மாதிரி எதுவும் நடக்கக் கூடாது. இன்றைய பகலை விட்டால் ஆறு மாதத்துக்கு ஒலிப்பதிவுக்கு வேறு பகல் கிடையாது.

கதவைத் திறந்ததும் அசந்துபோனாள். தரையில் பாம்புபோலப் புரண்டு கிடந்த கேபிள்கள் எல்லாம் அழகாகச் சுருண்டு ஓரமாகப் போயிருந்தன. டிரம்ஸைச் சுற்றி மைக்குகள் நின்றன. பேஸ் வாசிப்பவள் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் வெள்ளை டேப்பால் ஒரு பெருக்கல் குறி. மிக்ஸர் மேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை. எல்லாம் கணவன் வேலை. அவள் கடைக்குப் போன நேரத்தில் தனி ஆளாக அறையைத் தயார் செய்து வைத்திருக்கிறான். பரவாயில்லையே மனுஷன், என்று அவள் மனசு ஒரு நிமிடம் குளிர்ந்தது உண்மை.

அப்புறம்தான் சிந்தசைசரைப் பார்த்தாள்.

எலெக்ட்ரிக் பியானோவின் மேல் இன்னொரு மாடி கட்டியதுபோல வைத்திருந்தாள் அதை. இடக்கை கீழே பியானோவில், வலக்கை மேலே இதில். முகப்பில் வரிசை வரிசையாகக் குமிழ்கள். நேற்றுவரை ஒன்று ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், இன்னொன்று முக்கால் சுற்றுச் சுற்றி நிற்கும், அடுத்தது முழுசாக மூடியிருக்கும். இப்போது அத்தனை குமிழ்களின் வெள்ளைக் கோடும் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி காட்டுவதுபோல நேரே மேலே பார்த்து நின்றன. பள்ளிக்கூடப் பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள்கூட இவ்வளவு ஒழுங்காக நின்றிருக்க மாட்டார்கள்.

கையிலிருந்த பெடலை அப்படியே கீழே வைத்தாள்.

ஒரு பொத்தானைத் தட்டினால் சேமித்து வைத்த ஒலி திரும்பி வந்து நிற்கிற கருவிகள் ஊரில் ஆயிரம் உண்டு. இது அந்த ரகம் இல்லை. இதற்கு ஞாபகசக்தியே கிடையாது. குமிழ்கள் எங்கே நிற்கின்றனவோ அதுதான் ஒலி. மயிரிழை நகர்ந்தாலும் வேறு ஒலி. அப்படிப்பட்ட கருவியில் மூன்று வாரம் குந்திக் குந்தி, ஒரு குமிழைத் தொட்டு, கேட்டு, அரை மனதாகத் திருப்பி, மறுபடி கேட்டு, அவள் ஓர் ஒலியைக் கண்டுபிடித்திருந்தாள். யாரோ பேச வாயெடுத்து, பேசாமல் விட்டுவிட்ட மாதிரி ஒரு ஒலி. அதைக் கேட்ட அன்று தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டாள். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு கட்டையை அழுத்தினாள். "பேங்" என்றது. யாரோ வாசல் மணியை அழுத்தினாற்போல் இருந்தது.

அடுப்படியில் கணவன் வருகிறவர்களுக்காகத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தான். வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு.

"சிந்தசைசரைத் தொட்டீங்களா?"

அவன் பாட்டு பாதியில் நின்றது. காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள், இருவரும் ஒரே வயது. வீட்டில் எப்போதும் "வாடா போடா"தான். அவள் வாயில் மரியாதை வந்துவிட்டால் விஷயம் கைமீறிப் போய்விட்டது என்று அவனுக்குத் தெரியும்.

"துடைச்சேன். தூசியா இருந்துச்சு."

"துடைச்சது மட்டும்தானா?"

"நேராக்கி வெச்சேன். ரெக்கார்டிங்குக்கு முன்னாடி எல்லாத்தையும் நேராக்கி வெக்கிறதுதானே முறை? மிக்ஸரை நேராக்கினேன், அப்படியே கை அதுக்கும் போயிடுச்சு."

அவன் வேலை பார்க்கும் பெரிய ஸ்டுடியோவில் அது எழுதப்படாத சட்டம். ஒருவருடைய வேலை முடிந்ததும் மிக்ஸர் மேசையில் உள்ள எல்லாக் குமிழ்களையும் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அடுத்து வருகிறவர் சுத்தமான மேசையில் தொடங்க வேண்டும். செய்யாமல் போனால், சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டுப் போகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அதில் இவன் எல்லோரையும் விட ஒரு படி மேலே. ஓட்டல் அறைக்குப் போனால் சுவர்ப்படத்தை நேராக்கிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பான். ஸ்டுடியோவில் அவனுக்கு வைத்திருக்கிற பெயரே, கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் "ரசமட்டம்".

"அது உங்க ஆபீஸ் மேசை இல்லைங்க. என் வாத்தியம்."

"சரி, திருப்பி வெச்சுடலாம். குமிழ் இருந்த மாதிரியே போட்டோ எடுத்து வெச்சிருப்பல்ல?"

"எதுக்கு எடுக்கணும்? என் வீட்டுல, என் ரூம்ல இருக்கிற என் சாமானுக்கு நானே காவல் போடணுமா? திருட்டு பயமா?"

"இல்லம்மா, பொதுவா எல்லாரும் எடுத்து வெப்பாங்க..."

"பொதுவா எல்லாரும் கேட்டுட்டுத் தொடுவாங்க."

அவன் அடுப்பை அணைத்தான். தேநீர் கொதித்து முடியவில்லை, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அணைத்தான். "சாரி. நிஜமாவே சாரி. வா, ரெண்டு பேருமா உட்கார்ந்து கொண்டுவந்துடுவோம்."

"சரி, கொண்டுவரலாம். அது எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."

"எது?"

"அந்த ஒலி. மூணு வாரமா அடுத்த ரூம்ல உட்கார்ந்து கேட்டுட்டுத்தானே இருந்தீங்க? எப்படி இருந்துச்சு?"

அவன் யோசித்தான். கூரையைப் பார்த்தான், தேநீரைப் பார்த்தான். கடைசியில், "நல்லா இருந்துச்சு" என்றான்.

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நல்லா இருந்துச்சாம். புதுச் சட்டையைப் பற்றிச் சொல்கிற மாதிரி. காது வைத்துச் சம்பாதிக்கிறவன். ஆயிரம் பேர் கூட்டத்தில் ஒரு ஸ்பீக்கர் லேசாக இரைந்தால் எது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுகிறவன். பெண்டாட்டி மூன்று வாரம் தேடிய ஒலியை அவன் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற மின்விசிறிச் சத்தம்போல விட்டிருக்கிறான். குமிழைத் திருப்பியதை மன்னித்தாலும் மன்னிக்கலாம். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வாசலில் மணி அடித்தது. நாத்தனார் தன்னை விட உயரமான, பெரிய வயலின் மாதிரியான பேஸைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் டிரம்மர். அவனை எல்லோரும் "இடி" என்று கூப்பிடுவார்கள். துடைப்பக்குச்சி போன்ற பிரஷ்களால் அவன் வாசிப்பது பக்கத்தில் நிற்கிறவனுக்கே பாதிதான் கேட்கும் என்பதால் வைத்த பெயர்.

கணவன் மனைவி இருவர் முகத்தையும் பார்த்ததுமே நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. "என்ன அண்ணி, எங்கண்ணன் எதை நேராக்கினான்?"

விஷயத்தைக் கேட்டதும் பேஸைச் சுவரில் சாய்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "ஏன் அண்ணா, சின்ன வயசுல என் பொம்மைக்கெல்லாம் வகிடு எடுத்து வாரி விட்டியே, அதோட நிறுத்திக்க மாட்டியா?"

"நான் வேணும்னா செஞ்சேன்? வழக்கத்துல கை போயிடுச்சு."

"உன் கையைக் கட்டித்தான் கல்யாணம் பண்ணிக் குடுத்திருக்கணும்."

கேலியாகப் பேசினாளே ஒழிய அவள் முகமும் சுண்டிப்போயிற்று. நாளைக் காலை அவள் கப்பல் ஏறுகிறாள். சுற்றுலாக் கப்பல் ஒன்றில் இசைக்குழு வேலை, ஆறு மாதம் கடல்தான். மூவரும் சேர்ந்து போட்டுக்கொண்டிருக்கும் இசைத்தட்டில் எல்லாம் முடிந்து கடைசித் துண்டு மட்டும் மிச்சம், அதுவும் பாதி. போன வாரம் முதல் பாதியை எடுத்தார்கள். நாத்தனார் அன்று வாசித்ததைக் கேட்டு இடி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான், அந்த இடைவெளிகூட நன்றாகத்தான் அமைந்தது. இரண்டாம் பாதியைத் தொடங்கும்போது பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்க ஆரம்பித்தார்கள். சரி, ஒலி அப்படியே இருக்கட்டும், அடுத்த வாரம் தொடரலாம் என்று எழுந்தார்கள். அந்த "அப்படியே"தான் இப்போது பன்னிரண்டு மணி காட்டிக்கொண்டு நின்றது.

"ஒண்ணு பண்ணலாம்" என்றான் கணவன். "முதல்ல இருந்தே மறுபடி எடுத்துடலாம். ரெண்டு பாதியும் ஒரே ஒலியா இருக்கும். பிரச்சினை முடிஞ்சுது."

மூவரும் அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஓரடி பின்னால் போனான்.

"அண்ணே," என்றான் இடி, முதல் முறையாக வாயைத் திறந்து, "அன்னிக்கு வாசிச்சதை மறுபடி வாசிக்கச் சொல்றீங்க. அது எழுதி வெச்சா வாசிச்சோம்?"

"நான் என்ன வாசிச்சேன்னு எனக்கே தெரியாது அண்ணா. அது வந்துச்சு, போயிடுச்சு" என்றாள் நாத்தனார்.

அவன் உள்ளே போய் லேப்டாப்பை எடுத்துவந்தான். முதல் பாதியின் பதிவை ஓடவிட்டு, ஒலியை மலைத்தொடர் மாதிரி கோடாக வரைந்து காட்டும் மென்பொருளைத் திறந்தான். அவள் ஒவ்வொரு குமிழாகத் திருகினாள். அவன் திரையைப் பார்த்துச் சொன்னான்.

"இங்க கொஞ்சம் கம்மி... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான், நிறுத்து... இப்ப ஃபில்டர் குமிழைத் திருப்பு."

அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை. பதிவைக் கேட்பாள், கட்டையை அழுத்துவாள், உதட்டைப் பிதுக்குவாள். வாசல் மணி மெல்ல மெல்ல வாத்தியமாயிற்று. பிறகு மென்மையாயிற்று. பிறகு பழைய ஒலியின் பக்கத்தில் வந்து நின்றது. பக்கத்தில் மட்டும். கூட்டத்தில் முதுகைப் பார்த்து நம்ம ஆள் என்று நினைத்துத் தோளைத் தொட்டால், யாரோ திரும்பிப் பார்ப்பார்களே, அப்படி.

தேநீர் ஆறி ஆடை படிந்தது. இடி நாற்காலியில் சாய்ந்து தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். நாத்தனார் பெட்டி இன்னும் அடுக்கவில்லை என்று தன் பாட்டில் முணுமுணுத்தாள், அவசரப்படுத்துவது போல் ஆகிவிடுமோ என்று உடனே வாயை மூடிக்கொண்டாள்.

"பாரு!" கணவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். இரண்டு மலைத்தொடர்களும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. அவன் முகத்தில் பரீட்சையில் தேறியவனின் சந்தோஷம். "அச்சு அசலா வந்துடுச்சு. ஆரம்பிக்கலாம்."

"வரல."

"இதோ திரையில தெரியுதே."

"திரையில வந்திருக்கு. காதுக்கு வரல."

"துளி வித்தியாசம் இருக்கலாம். யாருக்கும் தெரியாதும்மா."

நாத்தனார், "அண்ணா, நீ போய்டு, எங்கயாவது போய்டு" என்று மெதுவாகச் சொன்னாள்.

"யாருக்கும் தெரியாதா?" அவள் எழுந்துவிட்டாள். "அப்ப நான் யாருங்க? எனக்குத் தெரியுதே, என்னை எந்தக் கணக்குல வெச்சிருக்கீங்க? உங்க ஸ்டுடியோவுக்கு எவனாவது பெரிய மனுஷன் வந்து வாசிச்சுட்டு, குமிழை அப்படியே வெச்சுட்டு, நாளைக்கு வரேன்னு போனா, தொடுவீங்களா? கதவைப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிட்டுல்ல தூங்குவீங்க! எனக்குன்னா மட்டும் தூசி தட்டிட்டு நேராக்கி வெச்சுடலாம். ஏன்னா இது வீடு. நான் வேலை செய்யல, பின்னறையில பொழுது போக்கறேன். அப்படித்தானே?"

"நான் அப்படி நினைச்சதே இல்ல."

"நினைச்சிருந்தாகூட சண்டை போடலாம். நினைக்காமலே கை போச்சு பாருங்க, அதைத்தான் தாங்க முடியல."

இடி மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கை மும்முரமாக ஆராய்ந்தான்.

அவள் பட்டென்று உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினாள். "ரெக்கார்ட் பண்ணுங்க."

"இந்த ஒலியிலயா?"

"பண்ணுங்கன்னு சொன்னேன்."

அவன் மிக்ஸருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. நாத்தனார் டேப் குறியில் நின்று பேஸின் கழுத்தைப் பிடித்தாள். இடி பிரஷ்ஷை எடுத்தான். முதல் பாதியின் கடைசி வரி காதில் ஓடி முடிந்தது, அந்த வாயெடுத்துப் பேசாமல் விடுகிற ஒலி கடைசியாக ஒரு முறை கேட்டது. இவர்கள் தொடர வேண்டிய இடம் அதுதான்.

ஒட்டிச் செய்த அந்த ஒலியில் அவள் ஒரே ஒரு சுரம் வாசித்தாள். பொய். அடுத்த சுரத்துக்கு வலக்கை போகும்போதே இடக்கை பியானோவை விட்டு மேலே ஏறிக் குமிழைப் பிடித்தது. பிடித்துத் திருகியது. ஒலி கிழிந்துகொண்டு மேலே போனது.

நாத்தனார் திடுக்கிட்டுத் திரும்பினாள், ஆனால் விரல்கள் நிற்கவில்லை. பியானோ இல்லாமல் கீழே பள்ளமாகிவிட்ட இடத்தில் பேஸ் ஒன்றுதான் தரை. அதை உணர்ந்து அவள் நரம்பை இன்னும் அழுத்தமாக இழுத்தாள். இடி பிரஷ்ஷைப் போட்டுவிட்டுக் கட்டைக் குச்சிகளை எடுத்தான். அவன் பெயருக்கு ஏற்ற மாதிரி வாசித்தது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் இருக்கும்.

அவள் நிறுத்தவில்லை. ஒரு கை கட்டைகளில், ஒரு கை குமிழ்களில். ஒரு சுரம் பிறந்து முடிவதற்குள் அதன் ஒலியே மாறிற்று. கரகரத்தது, கீச்சிட்டது, தண்ணீருக்குள் போனது, வெளியே வந்து இருமியது. எந்தக் குமிழும் எந்த இடத்திலும் நிலைத்து நிற்கவில்லை. இதை யாரும் போட்டோ எடுக்க முடியாது, கோடு வரைய முடியாது, நேராக்கவும் முடியாது. எடுங்க பார்க்கலாம், வாங்க, நேராக்குங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையாக அவள் அழுத்தினாள். அவள் தேடிய அழகு அதில் இல்லை. ஆனால் ஒரு சுரம்கூடப் பொய் இல்லை.

முடிந்தபோது மூவருக்கும் மூச்சு வாங்கியது. இடியின் ஒரு குச்சி உடைந்திருந்தது.

"அண்ணி," என்றாள் நாத்தனார், நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "இனிமே மாசத்துக்கு ஒரு தடவை இவன்கிட்ட ஏதாவது ஒண்ணை நேராக்கச் சொல்லுங்க."

அவள் சிரிக்கவில்லை. "ரெண்டையும் சேர்த்துப் போடுங்க" என்றாள் கணவனிடம்.

அவன் இரண்டு பாதிகளையும் ஒட்டி ஓடவிட்டான். முதல் பாதி மெல்ல நடந்து வந்தது. ஒட்டு வந்த இடத்தில், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவளை யாரோ கன்னத்தில் அறைந்தாற்போல் ஒலி மாறியது. அவன் உடம்பு தூக்கிப்போட்டதை அவள் பார்த்தாள். அவன் கை தானாக மிக்ஸரை நோக்கி நகர்ந்தது.

"இந்த ஒட்டை மட்டும் கொஞ்சம் இழைச்சு விட்டுடறேன். அது மேல இதை மெதுவா ஏத்தினா ஒட்டே தெரியாது."

"கையை எடுங்க."

"கேக்கறவங்களுக்கு ரொம்ப..."

"உங்களுக்கு வலிக்குதா?"

"வலிக்குது."

"அப்ப சரியா இருக்கு. தொடாதீங்க. ஒட்டுத் தெரியட்டும்."

நாத்தனார் பெட்டி அடுக்கப் போக வேண்டும். போகும்போது அண்ணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், அண்ணன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். இடி டிரம்ஸை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு நழுவினான். வீட்டில் இவர்கள் இருவரும் மிஞ்சினார்கள். அவள் வேண்டுமென்றே கேபிள் ஒன்றைப் பிடுங்கித் தரையில் அலங்கோலமாகப் போட்டாள். அவன் அதைப் பார்த்தான், குனியவில்லை.

"முதல் பாதியை மட்டும் இன்னொரு தடவை போடவா?" என்று கேட்டான்.

அவள் தோளைக் குலுக்கினாள், போட்டான். லேப்டாப் திரையை மூடிவிட்டுக் கேட்டான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கருக்கு நேரே குனிந்து கேட்டான். முடிந்ததும் திரும்பவும் போட்டான்.

"ஒவ்வொரு சுரமும் முடியறப்ப லேசா கீழ சரியுதே. வாத்தியம் சூடாகி சுருதி இறங்குதுன்னு நினைச்சேன். அது... நீ வெச்சதா?"

மூன்று வாரத் தேடலில் இரண்டு வாரம் அந்தச் சரிவுக்கே போயிருந்தது. இன்றைய அவசரத்தில் அதை மறுபடி பிடிக்க முடியாததால்தான் மலைத்தொடர்கள் பொருந்தியும் ஒலி பொருந்தவில்லை.

"நான் வெச்சதுதான்."

"அது இல்லாமதான் இன்னிக்கு வரலையா?"

"ஆமா."

"இப்பதான் கேக்குது எனக்கு."

"இதை நேத்து கேட்டிருக்கணும்" என்றாள் அவள். குரல் இறங்கவில்லை. இறக்க அவளுக்கு மனசும் வரவில்லை. "தொடறதுக்கு முன்னாடி."

அவன் தலையாட்டினான். சமாதானம் எதுவும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். மறுபடியும் முதல் பாதியைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டுக் கண்களை மூடிக்கொண்டான். அவள் அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தான் செய்த ஒலி அறை முழுக்க நிறைந்து ஓடிக்கொண்டிருக்க, அதைக் கேட்காமல், அவன் கைகள் எங்காவது நகர்கின்றனவா என்று முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.